சலுகை ஆட்டம்

என் மனைவிக்குப் பார்வை போனதிலிருந்து எல்லோரும் அவளிடம் தோற்க ஆரம்பித்தார்கள். தள்ளுவண்டிக்காரர் கத்திரிக்காய் பேரத்தில் தோற்றார். எதிர்வீட்டு அம்மாள், யார் குப்பையை யார் வாசலில் தள்ளுவது என்ற பழைய வழக்கில் வாதமே செய்யாமல் விலகிக்கொண்டார். எங்கள் தெருவில் இத்தனை நல்லவர்கள் இருந்தது அதுவரை எனக்குத் தெரியாது. கடைசியாக அவளுடைய தங்கையும் தோற்க ஆரம்பித்தாள். மற்றவர்களை மன்னித்துவிட்ட என் மனைவியால் அதை மட்டும் மன்னிக்க முடியவில்லை.

அக்காவும் தங்கையும் சில வருடங்களாகச் செல்போனில் ஒரு ஆட்டம் ஆடிவந்தார்கள். இவள் விருத்தாசலத்தில், தங்கை பெண்ணாடத்தில். ஆட்டம் நடப்பது ஒரு கல்யாண மண்டபத்தில். மண்டபம் முழுவதும் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கும். ஒரு பக்கம் பெண் வீட்டார், மறுபக்கம் மாப்பிள்ளை வீட்டார். சதுரங்கம் போல ஒருவர் நகர்த்திய பிறகுதான் மற்றவர் நகர்த்தலாம். சாப்பாட்டுக் கூடத்தில் முதல் பந்தியை யார் பிடிக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. தாய்மாமனை யாராவது சீண்டிவிட்டால் அவர் கோபித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடுவார்; சமாதானப்படுத்தும்வரை அவரைச் சுற்றியிருக்கும் சொந்தக்காரர்கள் ஒருவரும் அசைய முடியாது. சமையல்காரர் சாம்பார் வாளியைக் கவிழ்த்து வழியை அடைப்பார். போட்டோகிராபர் கேமராவைத் தூக்கினால் எதிரே இருப்பவர்கள் பல்லைக் காட்டியபடி ஒரு சுற்று முழுவதும் உறைந்து நிற்பார்கள். அடிபட்ட மாமனுக்கு வேட்டி அவிழும். நான் போய்வந்த கல்யாணங்களோடு ஒப்பிட்டால் இதில் மிகை என்று சொல்ல அதிகம் இல்லை.

ஆட்டத்தைவிட முக்கியம், ஆடும்போது அவர்கள் பேசிக்கொள்வது. இன்னொரு போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள்.

"உன் மாமன் வேட்டியைப் புடிச்சுக்கிட்டு ஓடறாரு பாருக்கா. உங்க வூட்டு ஆம்பளைங்க எல்லாம் இப்படித்தானா?"

"எங்க வூட்டு ஆம்பள ஒழுங்கா ஒக்காந்து பேப்பர் படிக்கிறாரு. நீ மொதல்ல உன் சாம்பாரைப் பாரு. மில்லு சம்பளத்துல பருப்பு வாங்க முடியலபோல, தண்ணியா ஓடுது."

"டீச்சரம்மாவுக்கு வாயி மட்டும்தான் ஓடும். ஆளு நகராது."

தங்கையின் கணவர் சர்க்கரை ஆலையில் வேலை செய்கிறார். என் மனைவி பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். இரண்டு உத்தியோகங்களும் தினமும் இப்படிச் சந்தி சிரிக்கும். அவர்கள் ஒருவரையொருவர் சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்து நான் கேட்டதில்லை. இதுதான் விசாரிப்பு.

பிறகு கண்ணில் நீர் அழுத்தம் என்றார்கள். கண்டுபிடித்ததே தாமதம். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் பஸ் கண்டக்டர்களுக்கு எங்கள் முகம் பழகியது. வேறு பயன் எதுவும் விளையவில்லை. பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி, கடைசியில் முழுக்கப் போய்விட்டது. அழுது முடித்த பிறகு அவள் செய்த முதல் காரியம், போனில் எல்லாவற்றையும் வாய்விட்டுப் படிக்கும் வசதியைப் போட்டுக்கொண்டு பழகியது. அது செய்தி படித்தது, மின்கட்டணம் கட்டியது. இந்த ஆட்டத்தைத் திறந்தால் மட்டும் "பொத்தான், பொத்தான், படம்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

ஆகவே மண்டபத்தை அவளுக்குப் படித்துக் காட்டும் வேலை என்னிடம் வந்தது. "மூன்றாவது வரிசை, ஐந்தாவது கட்டம், உன் மாமன். நான்காவது வரிசை, இரண்டாவது கட்டம், அவளுடைய அத்தை" என்று ஆரம்பித்தேன்.

"என்னங்க இது, பரீட்சை நம்பர் படிக்கிறீங்களா? கேட்டுக்கிட்டே இருந்தா மாமன் எங்க நிக்கறாருன்னே மறந்துபோவுது."

நான் வருவாய்த் துறையில் இருந்தவன். பத்திரங்களில் ஒரு நிலத்துக்கு நான்கு எல்லையும் எழுதுவதைச் செக்குபந்தி என்பார்கள். வடக்கே வாய்க்கால், கிழக்கே இன்னார் புஞ்சை, தெற்கே வண்டிப்பாதை, மேற்கே கோயில் நிலம். அந்த ஊரையே பார்க்காதவன் படித்தாலும் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வான். எங்கள் வட்டாரத்தில் பாதிச் சொத்து இந்த நான்கு வரியை நம்பித்தான் கைமாறியது. மீதிப் பாதி இதே நான்கு வரியால் கோர்ட்டில் கிடக்கிறது. அந்த முறையில் சொல்லிப் பார்த்தேன். "உன் மாமனுக்கு வடக்கே கை கழுவும் தொட்டி, கிழக்கே அவள் அத்தை, மேற்கே தூண், தெற்கே காலி."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தெற்கே காலின்னா அங்கதான் போட்டோகிராபரைக் கொண்டாந்து நிறுத்தப் போறா. என் அத்தையை அங்க நகர்த்துங்க" என்றாள். அன்றிலிருந்து மண்டபம் அவள் தலைக்குள் இருந்தது. நான் மாறியதை மட்டும் சொன்னால் போதும்.

ஆனால் தங்கை தோற்றாள். மறுபடியும் தோற்றாள். வேட்டியைப் பற்றியும் சாம்பாரைப் பற்றியும் ஒரு சொல் கிடையாது. "நல்லா ஆடினேக்கா. ரெஸ்ட் எடுத்துக்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள்.

"சாவு வூட்டுக்கு வந்தவ மாதிரி ஆடறா" என்றாள் என் மனைவி. "அவ என்னோட ஆடலங்க. நீங்க படிக்கிறதைக் கேட்டுக்கிட்டு, பக்கத்துல ஒக்காந்திருக்கற கண்ணு தெரியாத அக்காவை நெனச்சுப் பாவப்படறா. நான் தனியா ஆடணும். நடுவுல நீங்க இல்லன்னா அவளுக்குச் சாக்கு இல்ல. அப்ப என்னோட சண்டை போட்டுத்தான் ஆவணும்."

அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். தங்கை தன்னோடு பழையபடி சண்டை போட வேண்டும்.

ஆட்டத்தைத் தயாரித்த கம்பெனி சென்னையில் இருந்தது. பார்வையற்றவர் ஆடும்படி இதை மாற்றித் தர வேண்டும் என்று எழுதினேன். "உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் மதிப்புமிக்கது" என்று பதில் வந்தது. இந்த வகைப் பதில்களின் குலம் கோத்திரம் எனக்குத் தெரியும். "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது" என்பதற்கு, மனு எந்த மேசையில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்று பொருள். மனு எழுதத் தெரியாதவர்கள்தான் அதில் நிறைய கேட்பார்கள். அதிகாரி அவற்றில் சுலபமானதைப் பொறுக்கி எடுத்துப் பதில் சொல்லிவிட்டு கோப்பை மூடிவிடுவார். ஒரே ஒரு கேள்விதான் கேட்க வேண்டும். அதற்கு ஆம், இல்லை என்ற இரண்டைத் தவிர வேறு பதில் இருக்கக்கூடாது. நகல் யாருக்கு என்பதில், இது தெரிந்தால் அவர்கள் யார் முன்னால் நெளிவார்களோ அவருடைய பதவி இருக்க வேண்டும். "கண் தெரியாத ஒருவர் உங்கள் ஆட்டத்தைத் தனியாக ஆட முடியுமா, முடியாதா?" என்று எழுதி, அவர்களுக்கு முதலீடு கொடுத்தவர்களுக்கு நகல் போட்டேன்.

கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினாள். ஆட்டத்தை மாற்றும் குழுவுக்குத் தலைவியாம். குரலில் தேன் ஊற்றிப் பேசினாள். "சார், உங்க லெட்டர் எங்களை ரொம்ப டச் பண்ணிடுச்சு" என்றாள். யாரையும் தொடுவதற்காக நான் அதை எழுதவில்லை. இந்த மாதிரி வேலைக்கு ஏதோ ஒரு விருது அறிவித்திருந்தார்கள் என்பதும், அதுதான் அவர்களைத் தொட்டது என்பதும் பிறகு தெரிந்தது.

மூன்று பேர் காரில் வந்தார்கள். காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வேப்பூரில் ரோட்டோரம் பரோட்டா நன்றாக இருந்ததாம், பிற்பகல் ஆகிவிட்டது. தலைவி, லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காத ஒருவர், வீடியோ எடுக்க ஒருவர். என் மனைவிக்குப் பரிசாக ஒரு பீங்கான் கோப்பை கொண்டுவந்திருந்தார்கள். தெருவுக்கு ஒரு சூளை இருக்கும் விருத்தாசலத்துக்குச் சென்னையிலிருந்து பீங்கான் சுமந்து வந்ததை மன்னிக்கலாம். கோப்பையில் ஆட்டத்தின் படம் அச்சடித்திருந்தது. தலைவி அதை என் மனைவியின் முகத்துக்கு நேராகத் திருப்பிக் காட்டி, "பாருங்க மேடம், இதுல நீங்கதான் ஹீரோ" என்றாள்.

"நல்லா இருக்குது" என்றாள் என் மனைவி. "கைப்பிடி கோணலா இருக்குது."

அடுத்து மூவரும் கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டார்கள். பார்வையற்றவர்களின் உலகத்தை உணர்வதற்காக என்று சொன்னார்கள். லேப்டாப்காரர் டீப்பாயில் முட்டிக்கொண்டு முழங்காலைத் தேய்த்தார். தலைவி சுவரைத் தடவி அலமாரி வரைக்கும் போய் நின்றுகொண்டு, "ரொம்ப பயமா இருக்கு" என்றாள். என் மனைவி சமையலறைக்குப் போய், டீ போட்டு, தட்டில் வைத்து எடுத்துவந்து, அவர்களைச் சுற்றிக்கொண்டு போய் வைத்தாள். "துணியை அவுத்துட்டு டீயைக் குடிங்க. மேல கொட்டிக்கப் போறீங்க" என்றாள்.

அவர்கள் செய்து கொண்டுவந்திருந்த மாதிரியைப் போனில் போட்டார்கள். முதலில் ஒரு புல்லாங்குழல் அழுதது. என் மனைவி கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள்.

"யாரு செத்தாங்க?"

"இல்ல மேடம், மனசுக்கு அமைதியா இருக்கட்டும்னு."

"கல்யாண மண்டபத்துல எதுக்கு அமைதி?"

குழலுக்குப் பின்னால் ஒரு பெண் குரல், செய்தி வாசிப்பது போல எல்லாக் கட்டங்களையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தது. ஒரு கட்டம் மாறினாலும் மறுபடி முதலிலிருந்து. போட்டோகிராபர் கேமராவைத் தூக்கியதும், "சிலர் புன்னகைக்கிறார்கள்" என்றது. தாய்மாமன் அடிபட்டதும், "ஒரு நபரின் ஆடை சற்று விலகியுள்ளது" என்றது. முதன்மைக் கணக்கு அலுவலகத்தில்கூட இதைவிடக் கலகலப்பாக எழுதுவார்கள்.

நான் செக்குபந்தியைச் சொன்னேன். லேப்டாப்காரர் முதல்முறையாகத் தலையைத் தூக்கினார். அதற்கு ஒரு ஆங்கிலப் பெயர் வைத்துக் குறித்துக்கொண்டார்; அவர்தான் கண்டுபிடித்தது போல ஒரு களை முகத்தில் வந்தது. சிரிப்பு எப்படி வர வேண்டும் என்பதை என் மனைவி சொன்னாள்.

"வேட்டி அவுந்துச்சுன்னு நீ எனக்குச் சொல்லாதம்மா. சொன்னா அது தகவல், சிரிப்பு வராது. மாமனே பதறிக்கிட்டு, 'அய்யய்யோ, பொம்பளைங்க இருக்காங்களே'ன்னு ஒரு ஓட்டம் ஓடட்டும். எது அவுந்துச்சுன்னு நானே புரிஞ்சுக்கறேன். போட்டோ எடுத்தா எல்லாரையும் சேர்ந்தாப்புல 'ஈ'ன்னு சொல்ல வை. எத்தனை குரல் 'ஈ'ங்குதோ அத்தனை பேர் மாட்டிக்கிட்டாங்கன்னு கணக்கும் தெரிஞ்சுடும்."

அதையும் குறித்துக்கொண்டார்கள். வீடியோக்காரர் என் மனைவியை ஜன்னலோரம் நிறுத்தினார்.

"அப்படியே வெளியில பாருங்க மேடம். கொஞ்சம் சோகமா."

"எதைப் பார்த்து?"

அவர் அப்படியே படம் எடுத்துக்கொண்டார். படத்தை வெளியிட அவள் கையெழுத்து வேண்டும் என்று தலைவி ஒரு தாளை நீட்டினாள். நான் வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன். வேலை முடிவதற்கு முன் கையெழுத்துப் போட்டால் வேலை அந்த இடத்திலேயே நின்றுவிடும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு பணிக்காலம் ஆனது. "ஆட்டம் வரட்டும்" என்றேன்.

ஆட்டம் வந்தது. குறை சொல்ல முடியாதபடி வந்தது என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. எல்லை சொல்லியது, மாமன் பதறிக்கொண்டு ஓடினார், "ஈ" என்று கூட்டமாகக் குரல் எழும்பியது. என் மனைவி கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். மறுநாள் தங்கைக்குப் போன் போட்டாள்.

"இனிமே உங்க மாமா நடுவுல இல்லடி. நானும் நீயும்தான். நீ விட்டுக்குடுத்தேன்னா எனக்குத் தெரியும்."

"விடமாட்டேன்க்கா."

"எம்மேல ஆணையா?"

"உம்மேல ஆணையா."

என் மனைவி ஜெயித்தாள். அடுத்ததிலும் ஜெயித்தாள். அதற்கு அடுத்ததில் ஜெயித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டு ஸ்பீக்கர் பக்கம் திரும்பினாள்.

"உன் போட்டோகிராபர் எம் மாமனுக்கு நேரா நின்னாரு. ஏன் விட்ட?"

"விடலக்கா. கேமரா வேலை செய்யல. நான் என்ன பண்றது?"

"அதுக்கு முன்னாடி ஆட்டத்துல சாம்பாரு தள்ளிப் போய் விழுந்துச்சு. அதுவும் தானா விழுந்துச்சா?"

"தானாத்தான் விழுந்துச்சு. நான் ஒழுங்காத்தான் ஆடினேன்."

"எம்மேல ஆணையிட்டுட்டு பொய் சொல்றியாடி?"

"நான் பொய்க்காரியாவே இருந்துட்டுப் போறேன். நீ நல்லா இரு" என்று சொல்லித் தங்கை வைத்துவிட்டாள்.

பிறகு அவள் போன் செய்யவில்லை. இவள் செய்தால் எடுக்கவில்லை. பொங்கலுக்குக் கரும்புக்கட்டு வந்தது. என் சகலைதான் சுமந்து வந்தார். "ஆலை வேலை, நேரமில்லைன்னு சொல்லச் சொன்னா" என்றார். வேலை செய்வது அவர், நேரமில்லாமல் போனது அவளுக்கு. என் மனைவி கரும்பைத் தொடவில்லை. "அவ வாயால ஒரு வார்த்தை திட்டியிருந்தாக்கூட பரவாயில்ல" என்றாள்.

பேச ஆளில்லாமல், போனிலேயே கம்ப்யூட்டரை எதிராளியாக வைத்து ஆடினாள். ஒருநாள் மாலை ஹாலிலிருந்து கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்க வாங்க. மாப்பிள்ளை வூட்டுக்காரங்க சாப்பிட வரமாட்டேங்கறாங்க."

போய் உட்கார்ந்தேன். அவள் தன் ஆட்கள் எல்லோரையும் செருப்பு விடும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தாள். எதிர்ப்பக்கம் ஒரு தடையும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டுக் கூடத்தின் வாசல்வரை வந்தார்கள். அங்கே நின்றார்கள். திரும்பி மணமேடைப் பக்கம் போனார்கள். மறுபடி வந்தார்கள், மறுபடி போனார்கள்.

"கதவு வரைக்கும் வந்து சாப்பிடாம திரும்பற மாப்பிள்ளை வூட்டுக்காரனை எந்தக் கல்யாணத்துலயாவது பார்த்திருக்கீங்களா?" என்றாள்.

பார்த்ததில்லை. அடுத்து அவள் ஒரே ஒரு அத்தையை, மண்டபத்துக்கு நட்டநடுவே, அவசரமில்லாமல் நடத்திக்கொண்டு போனாள். சாம்பார் வாளி அத்தைக்குப் பக்கத்துக் கட்டத்தில் கவிழ்ந்தது. போட்டோகிராபரின் கேமரா வேலை செய்யவில்லை. அத்தை கூடத்துக்குள் போய் உட்கார்ந்து இலை போடச் சொன்னாள். பெண் வீட்டாருக்கு வெற்றி என்று மேளம் கொட்டியது.

மேளம் முடிந்ததும் என் மனைவி போனைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு அவளுக்கும் இதே மாதிரிதான் கேமரா வேலை செய்யல. அவ உண்மையைத்தான் சொன்னா" என்றாள்.

தலைவிக்குப் போன் போட்டேன். மறைப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஆமா சார், அது எங்க கம்பேஷன் மோடு. குரல் வசதியைப் போட்டு ஆடறவங்களுக்கு எதிரா யார் ஆடினாலும், அடி கொஞ்சம் தவறிப் போற மாதிரி வச்சிருக்கோம். கம்ப்யூட்டர் ஆடினா முதல் பந்திக்கே போகாது. அவங்க மனசு உடைஞ்சிடக்கூடாது இல்லையா சார்."

"எதிரே ஆடுகிறவருக்கு இது தெரியுமா?"

"தெரியாது சார். தெரிஞ்சா அவங்களுக்குச் சங்கடம்."

"ஆடுகிறவருக்கு?"

"தெரிஞ்சா இவங்களுக்குச் சங்கடம்."

யாருக்கும் சங்கடமில்லாத ஏற்பாடு. சலுகைகள் எப்படிப் பிறக்கின்றன என்று நான் பார்த்திருக்கிறேன். யாருக்குக் கொடுக்கப்படுகிறதோ அவரை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு, உள்ளே ஏழெட்டுப் பேர் முந்திரி பிஸ்கட் தின்றுகொண்டு முடிவு செய்வார்கள். ஒரு கட்டடத்தில் சக்கர நாற்காலிக்கு என்று சாய்தளம் போட்டார்கள். ஏறிப் போனால் பூட்டிய கதவு. சாவி மாடியில் ஒருவரிடம். திறப்பு விழாவைக் கீழேயே நடத்தி ரிப்பனை வெட்டிவிட்டதால் இந்தக் குறை யாருக்கும் தெரியவில்லை. அந்தச் சாய்தளத்தால் யாருக்கும் நன்மையில்லை, ஆனால் தீமையும் இல்லை. இந்தப் பெண் கட்டியிருந்தது வேறு. இவளுடைய கருணை, நேர்மையாக ஆடிய ஒருத்தியைப் பொய்க்காரி ஆக்கியிருந்தது. சூழ்ச்சி செய்யத் தெரிந்தவர்கள் இந்தக் காரியத்தைச் செய்திருக்க மாட்டார்கள். நல்ல மனசுக்காரர்களால் மட்டுமே முடியும்.

என் மனைவி போனை வாங்கிக்கொண்டாள்.

"அதை எடுத்துடும்மா."

"மேடம், தோத்தா உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?"

"இருக்கும். அதுக்குத்தானே ஆடறது."

"இல்ல மேடம், எங்க டீம்ல எல்லாரும் ரொம்ப ஃபீல் பண்ணிச் செஞ்சது. உடனே எடுக்க முடியாது. மேல கேக்கணும், திரும்ப டெஸ்ட் பண்ணணும்..."

"அவார்டுக்கு என் வீடியோ அனுப்பணும் இல்ல?"

"ஆமா மேடம். அந்தப் பேப்பர்ல ஸைன் பண்ணி அனுப்பிட்டீங்களா?"

"அதையேதான் நானும் சொல்றேன். என் வூட்டுக்காரரு மேல கேக்கணும்கறாரு."

விருதுக்கான கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மேலே கேட்க வேண்டிய விஷயம் மளமளவென்று கேட்கப்பட்டது. மாற்றிய ஆட்டம் வந்ததும் என் மனைவி கம்ப்யூட்டரோடு ஆடினாள். மாப்பிள்ளை வீட்டார் கூடத்துக்குள் புகுந்து, அவளுடைய ஆட்களை மிதித்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள். "இப்பதான் கல்யாணம் மாதிரி இருக்குது" என்றாள். தாளை அனுப்பிவைத்தேன். விருது அவர்களுக்குக் கிடைத்தது. தலைவி மேடையில் கருணையைப் பற்றிப் பேசினாளாம். அதை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்ட பிறகும் அவளிடம் நிறைய மிச்சம் இருந்திருக்கிறது.

தங்கை இன்னமும் போனை எடுக்கவில்லை. ஆகவே பெண்ணாடத்துக்குப் பஸ் ஏறினோம். ஏறியதுமே, "கண்ணு தெரியாதவங்க வராங்க, எழுந்திருப்பா" என்று பாதி பஸ் கூவியது. கூவியவர்கள் எல்லாரும் உட்கார்ந்தே இருந்தார்கள். எழுந்தது வாயைத் திறக்காத ஒருவர். என் மனைவி நன்றி சொல்லி உட்கார்ந்துகொண்டாள். உட்காரும் இடத்தில் சலுகை வேறு, ஆடும் இடத்தில் சலுகை வேறு என்பது அவள் கட்சி.

"வாங்க மாமா" என்றாள் தங்கை. அக்காவைக் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள், பேசவில்லை. உப்புமா வந்தது. சகலை கரும்பு விலையைப் பற்றி என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். கேட்பதற்கு வேறு ஆள் இல்லாததால் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நீ பொய் சொல்லல" என்றாள் என் மனைவி, தட்டை ஓரமாக வைத்துவிட்டு. "அந்த ஆட்டத்துலதான் கோளாறு. எனக்கு எதிரா யாரு அடிச்சாலும் படாத மாதிரி வச்சிருந்தாங்களாம். நான்தான் உன்னை அப்படிச் சொல்லிட்டேன்."

"சரி."

"அதை எடுக்க வச்சுட்டேன். போனை எடுத்துட்டு வா."

"எனக்கு வேலை இருக்குது."

"பயமா இருக்குதுன்னு சொல்லு."

தங்கை கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் போனை எடுத்துவந்து எதிரே உட்கார்ந்தாள்.

முதலில் ஏனோதானோ என்றுதான் ஆடினாள். என் மனைவி அதைப் பயன்படுத்திக்கொண்டு போட்டோகிராபரை உள்ளே விட்டாள். அவள் போனிலிருந்து நான்கைந்து குரல்கள் ஒன்றாக "ஈ" என்றன. என் மனைவி சிரித்தாள்.

"இளிக்காதக்கா."

"உன் ஆளுங்கதான் இளிக்கறாங்க."

அதற்குப் பிறகு தங்கையின் உதடு இறுகியது. சாம்பார் ஒரு வழியை அடைத்தது. இன்னொரு வழியில் என் மனைவியின் தாய்மாமன் சீண்டப்பட்டு உட்கார்ந்தார். போன் நான்கு எல்லையையும் சொன்னது: வடக்கே சாம்பார், கிழக்கே தூண், தெற்கே எதிரியின் அத்தை, மேற்கே எதிரியின் சமையல்காரர். என் மனைவி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். தப்பிக்க வழியில்லை என்று எனக்குப் பார்த்தாலே தெரிந்தது. அவள் இரண்டு முறை வேறு வேறு ஆட்களை நகர்த்திப் பார்த்தாள். மாமனுக்கு வேட்டி அவிழ்ந்தது. தங்கையின் ஆட்கள் வரிசையாகப் போய் முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள்.

"முடிஞ்சுதுக்கா. உன் ஆளுங்க தூணைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. கண்ணு இருந்தப்பவே உனக்கு அந்தச் சமையல்காரன் வர்றது தெரியாது. இப்ப எங்க தெரியப்போவுது?"

சகலை காப்பி தம்ளரோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "ஏய், என்ன பேச்சு இது" என்றார். தங்கைக்கும் முகம் வெளுத்தது.

என் மனைவி அவர் பக்கம் திரும்பவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலியை முன்னால் நகர்த்தினாள்.

"கண்ணு இருந்தப்ப உன்னை அழவிட்டேனே, அது ஞாபகம் இருக்குதாடி?"

"எப்ப?"

"எப்பவா? உனக்கு மூளைதான் இல்ல, ஞாபகமும் இல்லியா? போடு அடுத்ததை."

என் மனைவி அடுத்ததிலும் தோற்றாள். கடைசி பஸ்ஸைப் பற்றி நான் நினைவூட்டியதை இருவரும் கேட்கவில்லை. சகலை என்னை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். "ஒரு ஆட்டமாவது விட்டுக்குடுக்கலாம் இல்ல சகலை? பாவம், எவ்வளவு தூரத்துலருந்து வந்திருக்காங்க" என்று குசுகுசுத்தார். அவர் கையிலிருந்த தம்ளரை வாங்கிக்கொண்டேன், காப்பி ஆறிப்போயிருந்தது. அதற்குள் கூடத்தில் நாற்காலி சரியும் சத்தம் கேட்டது.

"ஏய், அது என் அத்தைடி. வழியை வுடு."

"வுடமாட்டேன். என்னா பண்ணுவ?"